பூரிக்குத் துணை ஃப்ரூட் சாலட்

முட்டை கூடாது, பால் போதாது, நேரமும் கிடையாது. இந்த மூன்று இல்லாமைகளுக்கும் விடையாக வந்தது குஜராத்தி வீடுகளின் பழப் பாயசம். இன்று எல்லாமே தாராளம். ஆனால் கிண்ணத்தைச் சுற்றி உட்கார ஆள்தான் குறைகிறது.

அகமதாபாத்தில் ஒரு கல்யாண விருந்துக்கு முதன்முதலாகப் போகும் தமிழருக்கு ஒரு சின்னக் குழப்பம் காத்திருக்கிறது. தட்டில் பூரி, உருளைக்கிழங்குக் கறி, மொச்சை வகையான வால், டோக்ளா, கடி எல்லாம் வந்தாயிற்று. 'ஃப்ரூட் சாலட்' என்று அறிவித்தபடி வரும் பரிமாறுபவர், 'வாட்கி' எனப்படும் சிறு கிண்ணத்தில் இளமஞ்சள் நிறப் பாலை ஊற்றிவிட்டு நகர்கிறார். அதில் ஆப்பிள், வாழை, சப்போட்டாத் துண்டுகள் மிதக்கின்றன. நடுநடுவே மாதுளை முத்துக்கள். பாயசம்போல் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தமிழர் கிண்ணத்தை ஓரம் கட்டுகிறார். பக்கத்தில் இருப்பவரோ சூடான பூரியைப் பிய்த்து, ஜில்லென்ற அந்தப் பாலில் தோய்த்து, சாப்பாட்டை அதிலிருந்தே ஆரம்பிக்கிறார்!

குஜராத்தில் இனிப்பு விருந்தின் முடிவல்ல, விருந்தின் நடுநாயகம். ஸ்ரீகண்ட், பாசந்தி, தூத்பாக் வரிசையில் ஃப்ரூட் சாலட்டும் பூரிக்குத் தொட்டுக்கொள்ளும் பண்டம்தான். பெயர் ஆங்கிலம். கெட்டிப்படுத்தும் பவுடர் ஆங்கிலேயர் அறிமுகம். ருசியோ அசல் உள்ளூர். நிச்சயதார்த்தம், சீமந்தம், பிறந்தநாள், விடுமுறைக்கு மகள் பேரக் குழந்தைகளோடு வந்து இறங்கும் ஞாயிற்றுக்கிழமை என்று குடும்பம் கூடும் எந்த நாளிலும் பெரிய பாத்திரத்தில் பால் அடுப்பேறுவது அங்கே தலைமுறைகளாக நடந்துவரும் சங்கதி.

மனைவிக்காக ஒரு பவுடர்

கதை ஆரம்பிப்பது இங்கிலாந்தின் பர்மிங்காமில். அங்கே மருந்துக்கடை நடத்திய ஆல்ஃப்ரெட் பேர்டின் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. கஸ்டர்டு என்பதோ முட்டை மஞ்சள் கருவைப் பாலில் கெட்டியாக்கிச் செய்வது. மனைவி ஆசையைத் தீர்க்க பேர்ட் 1837-ல் கண்டுபிடித்த வழி, முட்டைக்குப் பதில் சோள மாவு. கொஞ்சம் நிறம், கொஞ்சம் வாசனை, அவ்வளவுதான் கஸ்டர்டு பவுடர். ஈஸ்ட்டும் அவருக்கு ஒத்துக்கொள்ளாததால் பேர்ட் பிற்பாடு பேக்கிங் பவுடரும் செய்தார் என்பது உபரித் தகவல்.

ஒரு பெண்மணியின் ஒவ்வாமைக்காகப் பிறந்த பவுடர், ஆங்கிலேயர் ஆட்சியில் டின்னில் அடைபட்டு இந்தியா வந்தது. முட்டையைத் தொடாத வைஷ்ணவ, ஜைனக் குடும்பங்கள் நிறைந்த குஜராத்துக்கு இதைவிடத் தோதான வெளிநாட்டுச் சரக்கு இருந்திருக்க முடியாது. துரைமார் வீட்டு சமையல்காரர் இரண்டு முட்டை உடைத்துச் செய்ததை, முட்டை வாசமே படாமல் இங்கே செய்துவிட முடிந்தது. சுதந்திரத்துக்குப் பின் பூனாவின் வீக்ஃபீல்ட் போன்ற உள்ளூர் கம்பெனிகளும் களமிறங்க, கஸ்டர்டு டப்பா மளிகைக் கடையின் நிரந்தரவாசி ஆனது.

ஆனால் மதமும் ருசியும் மட்டும் இந்தப் பண்டத்தைக் கல்யாணப் பந்திக்குக் கொண்டுவரவில்லை. பெரிய காரணம், கணக்கு.

பாசந்திக்குப் பாலை மணிக்கணக்கில் சுண்டவைக்க வேண்டும். 10 லிட்டர் ஊற்றினால் கையில் வருவது நாலு, நாலரை லிட்டர். கிண்ணத்துக்கு 100 மில்லி என்றாலும் 45 பேருக்குத்தான் காணும். அதே 10 லிட்டரைக் கொதிக்கவைத்து, 200 கிராம் கஸ்டர்டு பவுடரைக் கரைத்து ஊற்றினால் அரை மணியில் கெட்டிப்பட்டுவிடும், சுண்டலே இல்லை. அதில் ஆறு கிலோ பழம் நறுக்கிப் போட்டால் 150 மில்லி கிண்ணங்களில் 100 பேருக்குத் தாராளமாக ஊற்றலாம். பெண்ணைப் பெற்றவருக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை.

பால் கார்டு காலம்

இன்றைய தலைமுறைக்கு இது விளங்காமல் போகலாம். தெருமுனையில் எந்த நேரமும் பாக்கெட் பால் கிடைக்கிறது. ஆனால் 1950-51-ல் நாட்டின் மொத்தப் பால் உற்பத்தி 1.7 கோடி டன்தான். ஆளுக்கு ஒரு நாளைக்கு 130 கிராம். மும்பையின் ஆரே பூத்களிலும், 1959-ல் தொடங்கிய டில்லி பால் திட்டத்தின் பூத்களிலும் கார்டு வைத்திருந்தவர்களுக்கே பால். கார்டு கிடைக்கப் பல மாதங்கள் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. வங்காளத்தில் நிலைமை இன்னும் மோசம். பால் தட்டுப்பாட்டைச் சமாளிக்க மேற்கு வங்க அரசு 1965-ல் சானா எனப்படும் பால்கட்டியில் செய்யும் இனிப்புகளுக்கே தடை போட்டது. ரசகுல்லா பிறந்த ஊரில் ரசகுல்லா குற்றமானது!

அந்தக் காலத்தில் ஒரு லிட்டர் பாலை இரண்டு லிட்டர் மாதிரி காட்டும் வித்தை தெரிந்த குடும்பத் தலைவி கெட்டிக்காரி. கஸ்டர்டு பவுடர் அவளுக்குக் கிடைத்த மந்திரக்கோல். இன்று 'பாட்டி கைப்பக்குவம்' என்று கொண்டாடப்படும் பண்டம், உண்மையில் பாட்டியின் சிக்கனம்.

நிலைமை மாறியதும் குஜராத்திலிருந்துதான். 1946 டிசம்பரில் ஆனந்தில் பதிவான கேரா மாவட்டக் கூட்டுறவுப் பால் சங்கத்துக்கு திரிபுவன்தாஸ் படேல் தலைமை ஏற்றார். 1949-ல் ஆனந்துக்கு வந்தவர் கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்த வர்கீஸ் குரியன். எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கையை விரித்தபோது, முடியும் என்று காட்டினார் சகாவான எச்.எம். தலாயா. 1970-ல் தொடங்கி 1996 வரை நடந்த வெண்மைப் புரட்சித் திட்டம் ஆனந்த் முறையை நாடெங்கும் கொண்டுபோனது. 1998-ல் அமெரிக்காவை முந்திப் பால் உற்பத்தியில் இந்தியா முதலிடம் பிடித்தது. 2023-24-ல் உற்பத்தி சுமார் 23.9 கோடி டன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 471 கிராம்.

ஆனந்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. குஜராத்தில் வாழை அதிகம் விளையும் மாவட்டங்களில் அதுவும் ஒன்று. கிண்ணத்துக்குள் இருக்கும் பால், பழம் இரண்டுக்கும் ஒரே மண் சொந்தம் கொண்டாடலாம்.

கிண்ணத்தில் ஒரு வரைபடம்

பழங்களின் பூர்வீகம் பார்த்தால் கிண்ணம் ஒரு சிறிய இந்திய வரைபடம். ஆப்பிள் ஹிமாசலத்திலிருந்தோ காஷ்மீரிலிருந்தோ லாரி ஏறி வருகிறது. அதன் பின்னால் ஓர் அமெரிக்கர் இருக்கிறார்: கோட்கரில் குடியேறி, 1916-ல் ரெட் டெலிஷியஸ் ரகத்தை நட்ட சாமுவேல் ஸ்டோக்ஸ். பிற்பாடு இவர் சத்யானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்டார். திராட்சை நாசிக். மாதுளை சோலாப்பூர். சப்போட்டா மகாராஷ்டிர எல்லையில் உள்ள கோல்வட் அல்லது குஜராத்தின் நவ்சாரி. வாழை ஆனந்த், பரூச் அல்லது ஜல்காவ். அட்சய திருதியையை ஒட்டிய கோடைக் கல்யாணம் என்றால் கிர் பகுதியின் கேசர் மாம்பழமும் சேர்ந்துகொள்ளும். அதன் இனிப்பே போதும், சர்க்கரையைப் பாதியாக்கிவிடலாம்.

பாலும் பழமும் சேரும் இந்த யோசனை குஜராத்துக்கு மட்டும் சொந்தமல்ல. மகாராஷ்டிரத்தில் வாழைப்பழத்தைப் பாலில் பிசைந்த 'ஷிக்ரண்' சப்பாத்திக்குத் துணை. மும்பை ஹாஜி அலி பழரசக் கடையில் சீதாப்பழ க்ரீமுக்குக் கூட்டம் நெரியும். மகாபலேஸ்வருக்குப் போகிறவர்கள் ஸ்ட்ராபெரியும் க்ரீமும் சாப்பிடாமல் திரும்புவதில்லை. உடுப்பி, மங்களூர் பக்கம் உயரமான கண்ணாடித் தம்ளரில் ஐஸ்க்ரீம், பழம், ஜெல்லி என்று அடுக்கிவரும் 'கட்பட்' பிரசித்தம். டில்லியில் பாலாடைக்கட்டி நிறத்தில் 'ஃப்ரூட் க்ரீம்' இல்லாத கல்யாணம் அபூர்வம். பாலே சேராத பழக் கலவைக்குத் தமிழகத்தில் பழனி பஞ்சாமிர்தம் இருக்கிறது. விருப்பாச்சி வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, நெய், ஏலம் சேர்ந்த அது 2019-ல் புவிசார் குறியீடும் பெற்றது.

ஏன் திரிகிறது?

ருசியாக இருக்கிறது என்பதற்காகச் சாஸ்திரம் ஒத்துக்கொண்டதாக அர்த்தமில்லை. புளிப்புப் பழங்களையும் பாலையும் சேர்த்து உண்பதைச் சரக சம்ஹிதை 'விருத்த ஆகாரம்', அதாவது ஒன்றுக்கொன்று ஆகாத உணவு என்கிறது. வீட்டுப் பெரியவர்கள் சிலர் இன்றும் கிண்ணத்தைத் தொடாமல் நகர்த்திவிடுவதற்கு இதுதான் காரணம்.

சமையலறை ரசாயனம் வேறு விதமாக எச்சரிக்கிறது. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் புளிப்பு ஏறினால் திரண்டுவிடும். ஆரஞ்சு, புளிப்புத் திராட்சையைச் சூடான பாலில் போட்டால் கலவை திரிந்து தண்ணீர் பிரியும். பாலில் கரைந்த மாவு ஓரளவு தடுப்பணைதான்; முழுப் பாதுகாப்பல்ல. அன்னாசி இன்னும் வில்லங்கமான ஆசாமி. அதில் உள்ள ப்ரோமலின் என்ற நொதி, பால் புரதத்தை அறுத்துத் துண்டாக்குகிறது. அரை மணியில் கிண்ணம் கசக்கும். பப்பாளியில் உள்ள பப்பாயினும் இதே வேலையைச் செய்யும். ஆனால் சூடு பட்டால் இந்த நொதிகள் செத்துவிடும். பழைய குறிப்புகள் டின் அன்னாசியைக் கேட்பதன் ரகசியம் இதுதான். டின்னில் அடைக்கும்போதே பழம் சூடாக்கப்பட்டுவிடுகிறது. டின் இல்லாதவர்கள் அன்னாசித் துண்டுகளைச் சர்க்கரைப் பாகில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டால் போதும்.

கெட்டியாக வந்த கஸ்டர்டு மறுநாள் நீர்த்துப்போவதும் வழக்கமான புகார். காரணங்கள் இரண்டு. சர்க்கரை கலந்த பாலில் ஊறும் பழம் தன் சாற்றை வெளியே விடுகிறது. இரண்டாவது, ருசி பார்த்த கரண்டி. எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும். வாயில் வைத்த கரண்டியை மறுபடி பாத்திரத்தில் விடக்கூடாது என்ற பாட்டிமார் கட்டளை, ஆசாரம் மட்டுமல்ல, விஞ்ஞானமும்கூட.

பெரிய பாத்திரம், பெரிய ஆபத்து

பத்துப் பேருக்குச் செய்வதில் சிக்கல் குறைவு. 500 பேருக்குச் செய்யும்போது இதே பண்டம் வினையாகலாம். 50 லிட்டர் அண்டாவில் கொதித்த பால், ஓரத்தில் ஆறினாலும் நடுவில் பல மணிநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமிகளுக்கு அதுதான் சொர்க்கம். 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் ஆபத்து மண்டலம். நறுக்குபவர் கையில் ஆறாத புண் இருந்தால் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி பாலுக்குள் போகலாம். அது உமிழும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. இனிப்பும் குளிர்ச்சியும் சேர்ந்திருப்பதால் கெட்டுப்போனது நாக்குக்குத் தெரிவதும் இல்லை.

அனுபவசாலியான 'மகராஜ்', அதாவது குஜராத்தி கல்யாணச் சமையல்காரர், இதற்கு வைத்திருக்கும் உபாயம் சுலபமானது. ஒரே அண்டாவில் ஆறவிடாமல் பாலை அகலமான தட்டைப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, ஐஸ் தண்ணீரில் நிறுத்துவது. பழத்தைப் பந்திக்கு அரை மணி முன்னால் மட்டும் கலப்பது. முதல் பந்திக்கு எடுத்ததில் மிச்சம் இருந்தால் அதை இரண்டாம் பந்திக்கான பாத்திரத்தில் கொட்டாமல் இருப்பது. வெளியே இரண்டு மணி நேரத்துக்குமேல் இருந்ததை யோசிக்காமல் ஊற்றிவிட வேண்டும். விருந்தாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதைவிட இது மலிவு.

வட்டம் கலைகிறது

பால் பஞ்சம் போய்விட்டது. ஃப்ரிஜ் வந்துவிட்டது. பாக்கெட்டில் 25 சதவீதக் கொழுப்புள்ள க்ரீம், டின்னில் இனிப்பூட்டிய பால் எல்லாம் கடையில் தயார். அப்படியானால் வீட்டு ஃப்ரூட் சாலட் முன்னைவிடச் சக்கைபோடு போட வேண்டுமே? அதுதான் இல்லை. கல்யாணம் மட்டுமல்ல, 20 பேர் கூடும் பிறந்தநாளுக்குக்கூட கேட்டரிங்கில் சொல்லிவிடுவது வழக்கமாகிவருகிறது.

கை மாறும்போது இரண்டு விஷயங்கள் கைவிட்டுப் போகின்றன. ஒன்று, அளவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்தி, 2023-ல் வெளியான ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. எந்தக் குடும்பக் கூட்டத்திலும் கிண்ணத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும் ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவோ இருப்பது நிச்சயம். வீட்டில் செய்யும்போது சர்க்கரை போடும் முன்பே அவர்களுக்கு ஒரு கிண்ணம் தனியாக எடுத்துவைக்கப்படும். மாம்பழம், சப்போட்டாவைத் தவிர்த்து, ஆப்பிளும் கொஞ்சம் மாதுளையும் மட்டும். அதிலும் பாலின் சர்க்கரையும் பழத்தின் சர்க்கரையும் உண்டு என்பதால் அளவு சிறிதுதான். ஆனாலும் பந்தியில் அவர்கள் வெறுங்கையோடு உட்கார வேண்டியதில்லை. கேட்டரிங் அண்டாவில் எல்லோருக்கும் ஒரே கரண்டி.

இரண்டாவது, நறுக்கும் வட்டம். விருந்துக்கு முந்திய மதியம், கூடத்தில் பழைய புடவை விரித்து, அத்தை, சித்தி, நாத்தனார், ஓரகத்தி, பள்ளிக்கூடம் போகும் பெண்கள் எல்லாம் வட்டமாக உட்கார்ந்து மாதுளை உரிக்கும் காட்சி. எந்தப் பையனுக்கு எங்கே பெண் பார்க்கிறார்கள், எந்த மருமகள் வேலைக்குப் போகப்போகிறாள், யார் யாரோடு பேசுவதில்லை என்ற சகல விவகாரங்களும் அங்கேதான் அலசப்படும். மாதத்தில் ஒரு தடவைகூடப் பேசிக்கொள்ளாத இரண்டு ஓரகத்திகள், ஒரே தட்டில் ஆப்பிள் நறுக்கும்போது பேசித்தான் ஆக வேண்டும்.

ஆனால் இந்தக் காட்சியைப் பார்த்து உருகுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த வட்டத்தில் ஆண்கள் கிடையாது. மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். நூறு பேருக்குப் பழம் நறுக்கி முடித்து, பந்தி பரிமாறி, கடைசியில் அடிப்பாத்திரத்து மிச்சத்தை வழித்துச் சாப்பிட்ட பெண்கள், கேட்டரிங்காரரைக் கூப்பிடச் சொன்னால் அதைக் குற்றம் சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது? அவர்கள் வேண்டாம் என்பது பண்டத்தை அல்ல, இடுப்பு வலியை.

இதற்கு வழியும் கண் முன்னால்தான் இருக்கிறது. ஃப்ரூட் சாலட்டில் கைப்பக்குவம் தேவைப்படும் இடம் பால் கிளறும் பத்து நிமிடம் மட்டுமே. மற்றதெல்லாம் கத்தி வேலை. மாதுளை உரிக்கப் பட்டப்படிப்பு வேண்டாம். ஏழு வயதுப் பேரனும் செய்யலாம். எழுபது வயதுத் தாத்தாவும் செய்யலாம். டிவி பார்த்தபடியே செய்யலாம். கூடத்து வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும்.

அப்படி வட்டம் பெரிதாகும் வீட்டில், கேட்டரிங்காரருக்குப் பூரி மட்டும்தான் வேலை.

பத்துப் பேருக்கு ஃப்ரூட் சாலட்

தேவை: கொழுப்பு நீக்காத பால் 1 லிட்டர், வெனிலா கஸ்டர்டு பவுடர் தலைதட்டி 2 மேஜைக்கரண்டி, சர்க்கரை 80 முதல் 100 கிராம், ஆப்பிள் 2, வாழைப்பழம் 3, சப்போட்டா 2, விதையில்லாத இனிப்புத் திராட்சை ஒரு கப், மாதுளை முத்து ஒரு கப், ஏலக்காய் 4, குங்குமப்பூ ஒரு சிட்டிகை, சாரைப்பருப்பு ஒரு மேஜைக்கரண்டி.

அரை கப் பாலைக் கொதிக்கவைக்காமல் தனியே எடுத்து, கஸ்டர்டு பவுடரை அதில் கட்டியில்லாமல் கரைக்கவும். சூடான பாலில் நேராகப் பவுடரைக் கொட்டினால் கட்டி தட்டும். மீதிப் பாலை அடிகனமான பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, குங்குமப்பூவும் சர்க்கரையும் சேர்க்கவும். தணலைக் குறைத்து, கரைத்த பவுடரை ஒரு கையால் ஊற்றி மறு கையால் கிளறவும். கொதி வந்தபின் மூன்று நான்கு நிமிடம் விடாமல் கிளறினால் மாவு வாசனை போகும். கரண்டியின் பின்புறம் மெல்லப் படியும் பதத்தில் இறக்கவும். ஆறினால் இன்னும் கெட்டியாகும். பூரிக்கு என்றால் இந்தப் பதம் சரி. கரண்டியால் வெட்டி எடுக்கும் அளவுக்கு வேண்டுமானால் பவுடரை மூன்று கரண்டியாக்கலாம்.

பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி, ஆடை படியாமல் அவ்வப்போது கிளறி ஆறவைத்து, ஃப்ரிஜில் மூன்று மணி நேரம் வைக்கவும். இன்னும் க்ரீம் சுவை வேண்டுவோர், நன்றாகக் குளிர்ந்தபின் அரை கப் ஃப்ரெஷ் க்ரீமை அடித்துக் கலக்கலாம். ஆப்பிளை நறுக்கியவுடன் லேசான உப்புத் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு வடித்தால் கறுக்காது. பரிமாறுவதற்கு அரை மணி முன்பு ஆப்பிள், சப்போட்டா, திராட்சை. கடைசி நிமிடத்தில் வாழையும் மாதுளையும். ஏலப் பொடி, சாரைப்பருப்பு தூவிப் பரிமாறவும். அன்றே காலி செய்துவிட வேண்டும். மிச்சம் வைக்கும் பண்டம் அல்ல இது, மிஞ்சுவதும் இல்லை.